மிச்சத் தீவனத்தின் எடை

காலை எட்டரைக்கு எலி அறைக்குள் போனதும் முதலில் தராசைத் துடைப்பேன். முந்தின நாள் மூன்று எலிகள் இருக்கும் கூண்டின் கம்பித் தொட்டியில் 60 கிராம் தீவனம் வைத்திருப்பேன். மிச்சம் இருப்பதை எடுத்து நிறுத்து, 60-லிருந்து கழித்து, குறிப்பேட்டில் எழுத வேண்டும். கேட்பவர்களுக்கு மளிகைக்கடைக் கணக்கு மாதிரித் தோன்றும். ஆனால் தொட்டியில் குறைந்ததெல்லாம் எலியின் வயிற்றுக்குள் போயிருக்காது. எலி கொறிக்கும், கொறித்ததில் ஒரு பங்கை உதிர்க்கும். சில எலிகளுக்கு உதிர்ப்பதே வேலை. ஆகவே கீழே கிடக்கும் உமியைச் சல்லடையில் போட்டுச் சலித்து, புழுக்கையிலிருந்து தீவனத் துணுக்கைப் பொறுக்கி, அதையும் நிறுக்க வேண்டும். சர்க்கரை வந்த எலியின் கூண்டில் உமி மூத்திரத்தில் ஊறிக் கிடக்கும். அந்த ஈரத்தைக் குடித்த துணுக்கு எடை கூடியிருக்கும் என்பதால் காயவைத்துத்தான் நிறுக்க முடியும்.

உடல் பருமனுக்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து தேடும் ஆய்வுகளில் ஏறக்குறைய இருபது வருஷம் இப்படிச் சலித்திருக்கிறேன். இந்த மருந்து எடையைக் குறைக்கிறது, இந்த உணவு சர்க்கரையைக் கூட்டுகிறது என்று கருத்தரங்கத் திரையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் யாரோ ஒருவர் சலித்த உமி இருக்கிறது. அந்தக் கை தவறினால் கோடும் தவறு. என் கை பலமுறை தவறியிருக்கிறது.

முதல் தவறு 2007-இல். எம்.ஃபார்ம் படிப்பில் எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு ஆவாரம்பூச் சாறும் சர்க்கரையும். எலிக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருள் இருக்கிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. 1943-இல் அலாக்சான் என்ற வேறொரு பொருள் கணையத்தின் பீட்டா செல்களைக் கொல்லும் என்று கண்டார்கள். இருபது வருஷம் கழித்து, 1963-இல், ஸ்ட்ரெப்டோசோடோசினும் அதைச் செய்யும் என்று தெரிந்தது. அதன் மூலக்கூறில் குளுக்கோஸின் சாயல் இருப்பதால் பீட்டா செல் அதை உணவென்று நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. உறைபெட்டியில் இருக்கும் அந்த வெளிர்மஞ்சள் தூளைப் பனிக்கட்டியில் வைத்த சிட்ரேட் கரைசலில் கரைத்து, உடனே ஊசியில் ஏற்றியாக வேண்டும். கரைத்த நிமிடத்திலிருந்து அது சிதையத் தொடங்கிவிடும். இதையெல்லாம் நான் மனப்பாடமாகப் படித்திருந்தேன். பட்டினி போட்ட 12 விஸ்டார் வகை எலிகளுக்கு ஊசி போட்டுவிட்டுச் சாயங்காலம் விடுதிக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழு எலிகள் செத்துக் கிடந்தன. உடம்பு விறைத்து, கால்கள் நீண்டு. மருந்தின் அளவைக் கூட்டிவிட்டேனோ என்று குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் உமி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், அந்தக் கூடத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர்.

"ராத்திரி சக்கரத் தண்ணி வச்சியா பாப்பா?"

"சர்க்கரை ஏத்தத்தானே அண்ணே ஊசி போட்டேன், அதுக்கு எதுக்குச் சர்க்கரைத் தண்ணி?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. செத்த எலிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் சுற்றினார். பிறகு அவர் விளக்கியதை நான் புத்தகத்தில் போய்ச் சரிபார்த்தேன். பீட்டா செல்கள் சாகும்போது உள்ளே சேமித்து வைத்திருந்த இன்சுலின் முழுவதையும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டிவிடும். ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்து எலியின் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். அன்று இரவு மட்டும் குடிதண்ணீரில் குளுக்கோஸ் கலந்து வைத்திருந்தால் அந்த ஏழும் பிழைத்திருக்கும். நோயை உண்டாக்கப் போன நான், அந்த நோய்க்கு நேர் எதிரான ஒன்றால் அவற்றைக் கொன்றிருந்தேன். அந்த ஏழின் எண்களும் அந்தக் குறிப்பேட்டில் இன்னும் இருக்கின்றன. அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மிஞ்சிய ஐந்தும் புதிதாகக் கொண்டுவந்தவையும் மூன்றாம் நாள் சர்க்கரை அளவில் 250-ஐத் தாண்டின. சில எலிகளுக்குக் குளுக்கோமீட்டரில் எண்ணே வராது, 'ஹை' என்று எழுத்துதான் வரும். நல்ல எலி நாளுக்கு 30 மில்லி தண்ணீர் குடிக்கும். இவை 150 மில்லிக்கும் மேல் குடிக்கும், குடித்ததெல்லாம் உமியில் இறங்கும். காலையும் மாலையும் உமி மாற்றினாலும் வால் ஈரத்திலேயே கிடந்து புண்ணாகும். தின்னும், தின்றும் இளைக்கும். என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. விடுமுறையில் வீட்டுக்குப் போய் அவருடைய விரலில் ஊசி குத்தும்போது, கல்லூரியில் எலியின் வால் நுனியில் குத்திய அதே கம்பெனி ஸ்ட்ரிப்தான் என் கையில் இருக்கும்.

ஆய்வு முடிந்தது. ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைத்தது. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த கிளிபென்கிளமைடு மாத்திரையும் குறைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் என் அட்டவணைகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, கிளிபென்கிளமைடு பீட்டா செல்லைத் தூண்டி இன்சுலினைப் பிழியற மருந்து. நீ பீட்டா செல்லைக் கொன்னுட்டேன்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கே. அப்ப அது எதைப் பிழிஞ்சது?"

என்னிடம் பதில் இல்லை. அறையில் யாரிடமும் இல்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தொழிலில் நிறுத்தி வைத்தது என்று சொல்ல வேண்டும்.

பதிலைத் தேடித் தேடி, ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. என் ஊசியின் வீரியம் எல்லா எலிகளிலும் ஒரே மாதிரி இறங்கியிருக்காது. சிலவற்றில் பீட்டா செல் மிஞ்சியிருக்கும், இளம் எலியில் கொஞ்சம் மீண்டும் முளைக்கும், மருந்தே இல்லாமல் சர்க்கரை தானாக இறங்கும். அடுத்தது, கசப்புச் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்கினால் எலி அன்று சரியாகத் தின்னாது. தின்னாத எலிக்குச் சர்க்கரை குறையத்தான் செய்யும். நான் அந்த ஆய்வில் தீவனத்தை நிறுக்கவே இல்லை. கடைசிப் பதிலைச் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆனது. எந்தக் கூண்டு மருந்துக் கூண்டு என்று எனக்குத் தெரியும். மருந்துக் கூண்டு எலிக்கு 310 வந்தால், துளி சரியாகப் படவில்லை என்று இன்னொரு ஸ்ட்ரிப் போட்டுப் பார்ப்பேன். 240 வந்தால் அதை எழுதுவேன். மருந்தில்லாக் கூண்டில் 310 வந்தால் முதல் துளியையே எழுதிவிடுவேன். ஏமாற்ற வேண்டுமென்று நினைத்ததில்லை. நான் நம்பிய பக்கம் என் விரல் சாய்ந்தது.

மூலிகை ஆய்வுகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதன் இலைச் சாற்றை ஸ்ட்ரெப்டோசோடோசின் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கணையத் திசுவை வெட்டிப் பார்த்து, அதோடு நிற்காமல் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். எலியோடு நின்றுவிடும் ஆய்வுதான் என்னை வருத்துகிறது. என் ஆய்வு எலியோடு நின்றது. அம்மா ஒருநாள் கேட்டார், "ஆவாரம்பூ வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கியே, நான் எவ்வளவு குடிக்கணும்?" அன்றுதான் முதன்முதலாகக் கணக்குப் போட்டேன். எலிக்கு நான் கொடுத்தது கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு. சின்ன உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடும் என்பதால், எலியின் அளவை மனிதருக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ அம்மாவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. எனக்குப் பூவின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகக் கிடைத்தது. ஆக, தினமும் 40 கிராம் காய்ந்த பூ. அது ஒரு குண்டான் நிறைய வரும். அம்மா தம்ளரில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தது ஒரு சிட்டிகை. "மாத்திரையை விட்டுடாதேம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் மெட்ஃபார்மினை விடவில்லை. அந்த மாத்திரைக்கு இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தால் அது 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்குச் சற்றுக் கீழே வரும், மருத்துவர்கள் எழுதும் அளவுக்குள்தான்.

2009-இல் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் ஆய்வகத்தில் சேர்ந்தேன். அங்கே எலியைப் பிடிக்கவே மறுபடி கற்றுக்கொண்டேன். குழு பிரிக்கும்போது கூண்டுக்குள் கைவிட்டுக் கிடைத்ததை முதல் குழுவில் போடுவதுதான் எங்கள் கல்லூரிப் பழக்கம். எது முதலில் கையில் சிக்கும்? சுணங்கியது, சோர்ந்தது, ஓட முடியாதது. கடைசிக் குழுவுக்கு மிஞ்சுவது துடிப்பானவை. மருந்தை எப்போதும் கடைசிக் குழுவுக்குத்தான் கொடுப்போம்! இப்போது எடை வரிசைப்படி எண் போட்டுக் குலுக்கிப் பிரிக்கிறோம். மருந்துக் குப்பிகளில் ஏ, பி, சி என்று மட்டும் இருக்கும். எது மருந்து என்பது ஆய்வு முடியும்வரை எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது.

அங்கேயும் ஒரு அண்ணன் இருந்தார். புது எலிகள் வந்து இறங்கியதும் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் ஒவ்வொன்றையும் தன் முன்கையில் ஏற்றி நடப்பார். எலி அவர் சட்டைக்கையின் மடிப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குக் கொஞ்சுவது போலிருக்கும். கொஞ்சலும்தான். ஆனால் பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும், பயந்த எலி தின்னாது. அவர் பழக்கிய எலிகளின் முதல் நாள் எண்களும் பழக்காத எலிகளின் எண்களும் ஒன்றாக இருந்ததே இல்லை.

எங்கள் வேலை பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை. அதற்கு ஊசி மட்டும் போதாது, சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். மொகாலியில் உள்ள நைபர் நிறுவனத்தார் 2005-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கொழுப்புத் தீவனம் கொடுத்து எலியின் உடம்பை இன்சுலினுக்குச் செவிசாய்க்காததாக ஆக்கிவிட்டு, பிறகு கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்ற சிறு அளவில் ஸ்ட்ரெப்டோசோடோசின். பீட்டா செல்லில் ஒரு பகுதி மிஞ்சும். இதில் இன்சுலினைப் பிழியும் மருந்தையும், இன்சுலினுக்குச் செவிகொடுக்க வைக்கும் மருந்தையும் சேர்த்தே சோதிக்கலாம். அந்தப் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு இந்த எலியில் பதில் இருந்தது. அந்தக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது.

வெளிநாட்டுக் கொழுப்புத் தீவனம் வாங்கக் காசில்லாத காலத்தில் நாங்களே சமைப்போம். சாதாரணத் தீவனத்தை மாவாக அரைத்து, கேசின், கொழுப்பு, கொஞ்சம் கொலஸ்டிரால், வைட்டமின், உப்பு எல்லாம் கலந்து பிசைவது. பன்றிக்கொழுப்பு கிடைக்காதபோது வனஸ்பதி மூன்று பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு. கை முழுக்க நெய்ப்பசை. இரண்டு நாள் வெளியே இருந்தால் காறல் வாடை வந்துவிடும், காறல் வாடை வந்ததை எலி தொடாது. அதனால் உருண்டை பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து அன்றன்று எடுத்துப் போட வேண்டும். ஒருமுறை பழைய உருண்டையைப் போட்டுவிட்டு, எலிகள் இளைத்ததைப் பார்த்து மருந்து வேலை செய்வதாக ஒரு வாரம் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய பாடம் 2012 மே மாதம் வந்தது. மின்வெட்டுக் காலம். ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் சுண்டெலி அறையின் குளிர்சாதன கம்ப்ரசர் போய்விட்டது. உதிரிப் பாகம் வர மூன்று நாள் ஆனது. அறை 22 டிகிரியிலிருந்து 31-க்கு ஏறியது. எலிகள் செத்துவிடுமோ என்று பயந்து கூண்டு கூண்டாகப் பார்த்தேன். சாகவில்லை. ஆனால் மறுநாள் மிச்சத் தீவனத்தை நிறுத்தபோது தராசையே சந்தேகப்பட்டேன். ஒரு மருந்தும் கொடுக்காத குழு, நல்ல மருந்து கொடுத்ததுபோல் தீவனத்தைக் குறைத்திருந்தது. சுண்டெலிக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. நமக்கு இதமான 22 டிகிரி அதற்குக் குளிர். உடம்பைச் சூடாக வைக்கவே தின்பதில் பெரும் பங்கை எரித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் அத்தனை நாளும் ஆய்வு செய்துகொண்டிருந்தது குளிரில் நடுங்கும் ஒரு பிராணியின் பசியை. உலகம் முழுவதும் பெரும்பாலான ஆய்வுக் கூடங்கள் இன்றும் அப்படித்தான். அந்த ஆய்வை நிறுத்திவிட்டோம், 40 சுண்டெலிகளின் உழைப்பு வீண். ஆனால் அதற்குப் பிறகு அறையின் வெப்பத்தையும் தீவனக் கணக்கின் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் பயிற்சிக்காக ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குப் போனேன். அங்கே ஒரு எலியைக் காட்டினார்கள். கொழுப்புத் தீவனமும் இல்லை, ஊசியும் இல்லை, பிறப்பிலேயே பருமன். 1996-இல் அங்கிருந்த விஸ்டார் குடும்பத்தில் தானாகத் தோன்றிய மாற்றம் அது. ஐந்தாவது வாரத்திலேயே கூடப்பிறந்ததிலிருந்து வேறுபட்டுத் தெரியும். வளர்ந்தபின் மெலிந்த எலியைப்போல இரண்டு மடங்கு. கையில் எடுத்தபோது சூடான மாவுப்பை மாதிரி கனத்துச் சரிந்தது. இப்படிப்பட்டவை குட்டி போடாது, குணத்தை மறைவாகச் சுமக்கும் எலிகளை இணைத்துத்தான் வம்சத்தைக் காப்பாற்றுகிறார்கள். அதன் ரத்தத்தில் லெப்டின் நிறைய இருக்கிறது. போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் செய்தி அது. செய்தி போகிறது, மூளை கேட்பதில்லை. லெப்டின் மரபணுவை 1994-இல் நியூயார்க்கில் கண்டுபிடித்தபோது, பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். லெப்டின் சுரக்காத சுண்டெலிக்கு ஊசி போட்டால் அற்புதமாக இளைத்தது. ஆனால் பருமனான மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த ஐதராபாத் எலி மாதிரி. அவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது.

அந்த எலியின் ஊரைக் கேட்டபோதுதான் எனக்குச் சிலிர்த்தது. அந்த நிறுவனமே 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கியது, 1958-இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. விஸ்டார் எலிகளும் குன்னூரில் வளர்ந்து, கூடவே போன குடும்பம். தொடங்கியவர் ராபர்ட் மெக்கரிசன். அவர் அங்கே செய்த ஆய்வு ஒன்று: இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அப்படியே சமைத்து எலிகளுக்குக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைப்பயறு, பச்சைக் காய் கொண்ட சீக்கியர் உணவு தின்ற எலிகள் முதலிடம். அரிசியைப் பெரிதாகக் கொண்ட சென்னை மாகாண உணவு தின்றவை கடைசி. அன்று எடை கூடினால் ஆரோக்கியம், வளர்ச்சி. நூறு வருஷத்துக்குள் அதே குன்னூர்க் குடும்பத்தின் வாரிசை, எடையைக் குறைக்க வழி தேடி நான் கையில் வைத்திருந்தேன். மெக்கரிசனின் ஆட்களும் தினம் தராசில்தான் ஏற்றியிருப்பார்கள். எண் ஏறுவதைப் பார்த்து அவர்கள் மகிழ்ந்தார்கள், இறங்குவதைப் பார்த்து நாங்கள் மகிழ்கிறோம்.

எண் இறங்கினால் மகிழலாமா என்ற கேள்வி எனக்குள் பெரிதாகிக்கொண்டே போனது. ரிமோனாபாண்ட் என்று ஒரு மருந்து. பருமனான எலிகளில் மிக அழகாக எடையைக் குறைத்தது. 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 2008-இல் திரும்பப் பெற்றார்கள். சாப்பிட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். எலி எவ்வளவு தின்னவில்லை என்பதைத் தராசு சொன்னது, ஏன் தின்னவில்லை என்பதைச் சொல்லவில்லை.

2016-இல் ஜி.எல்.பி-1 வகை மருந்து ஒன்றைச் சோதிக்கும் வேலை வந்தது. ஜி.எல்.பி-1 என்பது சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன், ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். 1992-இல் அமெரிக்கப் பாலைவனத்து ஹீலா பல்லியின் எச்சிலில் அதைப்போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒன்றைக் கண்டார்கள். அதிலிருந்து 2005-இல் முதல் மருந்து. பிறகு லிராக்ளூட்டைடு, செமாக்ளூட்டைடு. நாங்கள் சோதித்த மருந்தின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒப்பீட்டுக்கு லிராக்ளூட்டைடு வைத்திருந்தோம். மனிதருக்கு நாளுக்கு ஒரு ஊசி, எலியின் உடம்பில் அது வேகமாகக் கரைவதால் காலையும் மாலையும் இரண்டு.

மருந்து எலியைக் குறைவாகத் தின்ன வைக்கிறது என்றால், நல்லது நடந்தது மருந்தாலா, வெறும் பட்டினியாலா? அதை அறிய ஒரு குழுவை வைப்போம். மருந்துக் குழு நேற்று எவ்வளவு தின்றதோ அவ்வளவை மட்டும் இன்று கொடுப்பது. பேர்-ஃபெட் என்போம். இதற்கு ஒவ்வொரு எலியையும் தனிக் கூண்டில் வைக்க வேண்டும், எலிக்குத் தனிமை ஒரு தண்டனை. அதற்கு மேல் பசி. மருந்து எலிக்குப் பசி இல்லாததால் தொட்டியில் தீவனம் கிடக்கிறது. பேர்-ஃபெட் எலிக்கு முழுப் பசி, பாதித் தீவனம். வைத்த சில மணி நேரத்தில் முடித்துவிட்டு இரவு முழுவதும் கம்பியைக் கடிக்கும். அண்ணன் அந்த வரிசைப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அறிவியலுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. சில மணி நேரத்தில் தின்றுவிட்டு மீதி நேரம் பட்டினி இருப்பதே உடம்பை மாற்றும். கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் 2012-இல் காட்டினார்கள்: அதே கொழுப்புத் தீவனத்தை நாளில் எட்டு மணி நேரம் மட்டும் தின்ற சுண்டெலிகள், எந்நேரமும் தின்றவற்றைப்போலக் கொழுக்கவில்லை. அதனால் நான் தீவனத்தைப் பிரித்து இரவில் மூன்று தவணையாக வைக்கக் கேட்டுக்கொண்டேன். அண்ணனும் நானும் முறைபோட்டு இரவு தங்கினோம்.

இன்னொன்றும் கேட்டேன். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதன் உடலமைப்பு அப்படி. குமட்டினால் அது மண் தின்னும். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை வில்லையாக்கிக் கூண்டில் வைத்து, அதையும் தினம் நிறுக்க அனுமதி கேட்டேன். கூடுதல் செலவு, கூடுதல் வேலை, யாருக்கும் பெரிய விருப்பமில்லை. ஆனால் விலங்குச் சோதனைக்கான 1998 விதிகளின்படி நெறிக்குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் எலிக்கு நேரும் துன்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு இதுதான் என் பதில் என்று எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மருந்துக் குழுவின் களிமண் வில்லைகள் கொறிபட்டிருந்தன. கூண்டுத் தரையில் வெள்ளைத் தூள். பேர்-ஃபெட் குழு பசியோடு இருந்தும் களிமண்ணைத் தொடவில்லை.

"மசக்கைக்காரி மண்ணு தின்ன மாதிரி இருக்கு பாப்பா," என்றார் அண்ணன்.

அதைவிடச் சரியாக நான் எழுத முடியாது. ஒரு வாரத்தில் களிமண் தின்பது குறைந்தது, தீவனக் குறைவு நீடித்தது. குமட்டல் போனபிறகும் பசி திரும்பவில்லை என்றால் மருந்தின் வேலை வெறும் குமட்டல் இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான்கு வாரம் முடிவில் எடையைப் பொறுத்தவரை இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்று. சர்க்கரையை வாய்வழி கொடுத்துச் சோதித்தபோது மருந்துக் குழு தெளிவாக முன்னே நின்றது. பாதி எலிகளை மயக்கி முடித்து ஈரலை எடுத்தோம். கொழுப்புத் தீவனம் மட்டும் தின்றவற்றின் ஈரல் வெளுத்து, மஞ்சள் பூத்து, விரலில் எண்ணெய் ஒட்டியது. மருந்து எலிகளின் ஈரல் கருஞ்சிவப்பு. அந்த நிறத்தைப் பார்க்கும்போது கை நடுங்காமல் இருந்ததில்லை. அதைக் காட்டுவதற்காகத்தான் அந்த எலி அங்கே கிடந்தது.

மீதிப் பாதிக்கு மருந்தை நிறுத்திவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது திட்டத்தின் கடைசிப் பகுதி. செமாக்ளூட்டைடு எடுத்த மனிதர்கள் நிறுத்திய ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்ற ஆய்வு 2022-இல் வந்தது. 2025-இல் அந்த மருந்து பருமனுக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், உறவினர்களும் பழைய தோழிகளும் என்னைக் கூப்பிட்டு ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, 2016 குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை நான் ஒருமுறை பார்ப்பேன்.

ஊசி நிறுத்திய முதல் நாள்: கூண்டு 11, வைத்தது 25 கிராம், மிச்சம் 14. இரண்டாம் நாள் மிச்சம் 6. மூன்றாம் நாள் காலை உள்ளே போனபோது தொட்டியில் கம்பி பளபளத்தது. உமியைச் சலித்தேன், துணுக்குகூட இல்லை. அந்த வரிசை முழுவதும் அப்படியே. இரவு தங்கியிருந்த அண்ணன், விடியவிடியக் கொறிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றார். பதினோராம் கூண்டு எலி பின்னங்காலில் நின்று, முன்கால்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கையைப் பார்த்தது. மிச்சம் 0 என்று எழுதினேன். அன்று 25 கிராமுக்குப் பதில் 40 கிராம் நிறுத்து வைத்தேன்.